மலேசியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ஆட்டத்தின் மீது பணம் கட்டுமுன் படிக்க வேண்டியது

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலைக்கோ படிப்புக்கோ மலேசியாவில் வந்து இறங்கும் பையன்கள் பலர், முதல் மாதத்திலேயே ஒரு தப்புக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். இஸ்லாத்தைச் சமயமாக அறிவித்த நாடு, இங்கே சூதாட்டம் என்ற பேச்சுக்கே இடமிருக்காது என்று நினைத்து வருகிறார்கள். வந்து பார்த்தால் கடைத்தெருவில் குலுக்கல் எண் விற்கும் நம்பர் கடை. அதன் பெயர்ப் பலகையிலேயே ஸ்போர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறது. கெந்திங் மலை உச்சியில் ஊரறிய ஒரு கேசினோ. சரி, இங்கே எல்லாம் நடக்கும் போலிருக்கிறது என்று மனம் மாறிவிடுகிறது. அந்த நேரம் பார்த்து அறையில் உடன் இருப்பவர், “இன்றைய ஐபிஎல் ஆட்டத்துக்கு ஐம்பது வெள்ளி போடுகிறாயா?” என்று கேட்பார். ரிங்கிட்டைத்தான் இங்கே தமிழர்கள் வெள்ளி என்கிறார்கள்.

நம்பர் கடை உரிமம் வாங்கி நடக்கிறது. கேசினோவும் அப்படியே. ஆனால் கால்பந்து, கிரிக்கெட், பேட்மிண்டன் என்று எந்த ஆட்டத்தின் முடிவின் மீதும் பந்தயம் பிடிக்க இந்த நாட்டில் யாருக்கும் உரிமம் கிடையாது. குதிரைப் பந்தயம் ஒன்றுதான் விலக்கு. இதை இந்துவுக்கும் கிறிஸ்தவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். முஸ்லிம் அல்லாதவர்களுக்குத் தடை இல்லை என்று உங்களிடம் யாராவது சொன்னால், அவர் நம்பர் கடையின் விதியை ஆட்டத்தின் மீது ஏற்றிச் சொல்கிறார்.

கீழே இருப்பது பொதுவான வழிகாட்டி. வழக்கு என்று வந்துவிட்டால் வழக்கறிஞரைத்தான் கேட்க வேண்டும்.

படி 1: உங்கள் மீது எந்தச் சட்டம் பாயும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மலேசியாவில் நீதிமன்றம் முக்கியமாக இரண்டு வகை. சிவில் நீதிமன்றம் எல்லாருக்கும் பொது. ஷரியா நீதிமன்றம் முஸ்லிம்களுக்கு மட்டும். கூட்டரசு அரசியலமைப்பின் 3ஆவது பிரிவு இஸ்லாத்தைக் கூட்டரசின் சமயம் என்கிறது. மற்ற சமயங்களையும் அமைதியாகப் பின்பற்றலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. முஸ்லிம்களுக்கான சமயச் சட்டத்தை இயற்றும் அதிகாரம் மாநிலங்களிடம் இருக்கிறது. அதனால் சிலாங்கூரில் ஒரு சட்டம், கெடாவில் இன்னொரு சட்டம் என்று தனித்தனியாக இருக்கும். கோலாலம்பூர், புத்ராஜெயா, லாபுவான் ஆகிய கூட்டரசுப் பிரதேசங்களுக்கு மட்டும் நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. 1997ஆம் ஆண்டின் ஷரியா குற்றவியல் சட்டம் அது. அதன் 18ஆவது பிரிவின்படி, சூதாடுகிற முஸ்லிமுக்கு 3,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். சூதாட்ட இடத்தில் இருந்ததாகக் கண்டுபிடிக்கப்பட்டாலும் அதே தண்டனைதான்.

உணவகங்களிலும் மளிகைக் கடைகளிலும் வேலை செய்ய ராமநாதபுரம், நாகப்பட்டினம் பக்கமிருந்து வருகிற முஸ்லிம் தம்பிகள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். நான் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கிறேன், இந்த ஷரியா என்னைத் தொடாது என்று நினைக்காதீர்கள். அந்தச் சட்டம் பார்ப்பது குடியுரிமையை அல்ல, சமயத்தை. இஸ்லாத்தைச் சேர்ந்தவர் என்றால், நாட்டின் பொதுச் சட்டம் ஒரு பக்கம், சமயச் சட்டம் இன்னொரு பக்கம் என்று இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சமயத் தடையின் வேர் குர்ஆனில் இருக்கிறது. ஐந்தாவது அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்கள் மதுவையும் மைசிர் எனப்படும் சூதையும் சேர்த்தே விலக்கச் சொல்கின்றன. இவை மனிதர்களுக்குள் பகையை மூட்டும், தொழுகையிலிருந்து திசைதிருப்பும் என்று காரணமும் சொல்கின்றன. இரண்டாவது அத்தியாயத்தின் 219ஆம் வசனம், இவற்றில் மக்களுக்குச் சில பயன்கள் உண்டு, ஆனால் பாவம் அந்தப் பயனைவிடப் பெரியது என்கிறது. பயன் உண்டு என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, அதற்குப் பிறகும் வேண்டாம் என்று சொல்வதால் அந்த வசனம் எனக்கு நேர்மையானதாகப் படுகிறது. வில்வித்தை, குதிரை ஓட்டம், ஒட்டக ஓட்டம் போன்றவற்றில் வென்றவருக்குப் பரிசு கொடுப்பதை மார்க்க அறிஞர்கள் ஏற்றிருக்கிறார்கள். பார்க்கிறவர்கள் பணம் வைத்து, தோற்றவர் பணம் வென்றவருக்குப் போவதுதான் சூதாகிறது.

ஆனால் இங்கே ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஆட்டப் பந்தயத்தைத் தடுக்கிற முக்கியமான இரண்டு பொதுச் சட்டங்களும் ஷரியாவிலிருந்து வந்தவை அல்ல. பந்தயச் சட்டமும் பொதுச் சூதாட்ட இடங்கள் சட்டமும் 1953இல் இயற்றப்பட்டவை. நாடு விடுதலை பெற்றது 1957இல். அதாவது, வெள்ளைக்காரன் ஆட்சியில் புக்கிகளை, அதாவது பந்தயம் பிடித்துப் பணம் வாங்குகிறவர்களை, ஒடுக்கப் போட்ட சட்டங்கள்தான் இன்றும் நிற்கின்றன. அதனால்தான் அவை மதம் பார்க்காமல் எல்லார் மீதும் பாய்கின்றன.

படி 2: கண்ணில் படும் கடைகளை வைத்து முடிவு கட்டாதீர்கள்

சட்டப்படி நடப்பவை எவை என்று ஒருமுறை சரியாகத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மேக்னம், ஸ்போர்ட்ஸ் டோட்டோ, டமாச்சாய் ஆகிய மூன்று நிறுவனங்களும் நம்பர் குலுக்கல் நடத்த அரசிடம் உரிமம் பெற்றவை. இவற்றைத்தான் ஊரில் நாலு நம்பர் என்கிறார்கள். புதன், சனி, ஞாயிறு குலுக்கல் நடக்கும். 21 வயது நிறைந்த, முஸ்லிம் அல்லாதவர்கள் மட்டுமே வாங்கலாம். ஸ்போர்ட்ஸ் என்று பலகையில் எழுதியிருந்தாலும் அங்கே எந்த ஆட்டத்துக்கும் பணம் கட்ட முடியாது. விற்பது எண்கள் மட்டுமே. கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் இந்தக் கடைகளும் கிடையாது.

கெந்திங் மலையில் இருப்பது நாட்டின் ஒரே சட்டபூர்வ கேசினோ. முஸ்லிம்களுக்கும் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் அனுமதி இல்லை.

குதிரைப் பந்தயம் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது. பந்தயக் கழகம் நடத்தும் அதிகாரபூர்வ முறையில் கட்டினால் மட்டுமே அது சட்டபூர்வம். அதே குதிரைக்கு வெளியே காப்பிக் கடையில் இருக்கும் புக்கியிடம் கட்டினால் குற்றம்.

கால்பந்துக்கு உரிமம் கொடுக்கும் முயற்சி ஒருமுறை வாசல்வரை வந்தது. 2010 உலகக் கிண்ணப் போட்டிக்குச் சற்று முன்னால், அஸ்காட் ஸ்போர்ட்ஸ் என்ற நிறுவனத்துக்கு விளையாட்டுப் பந்தய உரிமம் தரப்போவதாகச் செய்தி வந்தது. சட்டவிரோதப் பந்தயத்தில் ஓடும் பணத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவரலாம், அரசுக்கு வரியும் கிடைக்கும் என்பது அதற்குச் சொன்ன நியாயம். எதிர்க்கட்சிகளும் முஸ்லிம் அமைப்புகளும் மட்டுமல்லாமல் மற்ற சமயத்தவரும் எதிர்த்தார்கள். ஜூன் மாதம், போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே, அன்றைய பிரதமர் நஜிப் ரசாக் உரிமம் தரப்போவதில்லை என்று அறிவித்தார். அந்த முடிவு சரிதான் என்றே நினைக்கிறேன். அந்த எதிர்ப்புக்குப் பின்னால் பழைய காயம் ஒன்றும் இருந்தது. 1994இல் மலேசியக் கால்பந்தில் ஆட்டங்களைக் காசுக்கு விற்ற ஊழல் வெடித்தது. 21 ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் நீக்கப்பட்டார்கள், 58 ஆட்டக்காரர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள், 126 பேரை விசாரித்தார்கள். திடல் நிரம்பி வழிந்த ஒரு காலம் அதோடு போனது. அந்தத் தலைமுறை ரசிகர்கள் இன்றும் அந்தப் பேச்சை எடுத்தால் முகம் வாடிவிடும்.

பேட்மிண்டனிலும் இது நடந்தது. 2018இல் ஆட்டங்களை விற்ற குற்றத்துக்காக உலகப் பேட்மிண்டன் கூட்டமைப்பு இரண்டு மலேசிய ஆட்டக்காரர்களுக்குத் தடை விதித்தது. ஒருவருக்கு 20 ஆண்டு, மற்றவருக்கு 15 ஆண்டு.

படி 3: சட்டம் யாரை, என்ன சொல்லிப் பிடிக்கிறது என்று பாருங்கள்

“நான் பணம் கட்டுகிறவன்தானே, புக்கியைத்தானே பிடிப்பார்கள்?” என்று கேட்பவர்கள் அதிகம். தண்டனையில் பெரிய வித்தியாசம் இருப்பது உண்மைதான். பந்தயச் சட்டத்தின் கீழ் பந்தய இடம் நடத்துகிறவருக்கும் புக்கிக்கும் குறைந்தது 20,000 ரிங்கிட், அதிகம் போனால் 2 லட்சம் ரிங்கிட் அபராதம்; கூடவே 5 ஆண்டு வரை சிறை. பொதுச் சூதாட்ட இடங்கள் சட்டத்தின் கீழ் அப்படிப்பட்ட இடத்தை நடத்தினால் 5,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும். அந்த இடத்தில் போய் ஆடுகிறவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பணம் கட்டுகிறவருக்கும் தண்டனை உண்டு என்பதுதான் இதில் பார்க்க வேண்டியது.

மாதம் 1,700 ரிங்கிட் அடிப்படைச் சம்பளத்தில் வேலை பார்க்கிற ஒருவருக்கு 5,000 ரிங்கிட் என்பது என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்தச் சட்டங்களில் அனுமானம் என்று ஒன்று உண்டு. சூதாட்ட இடம் ஒன்றில் காவல் துறை நுழையும்போது நீங்கள் அங்கே இருந்தால், நீங்களும் ஆடிக்கொண்டிருந்தீர்கள் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். தப்பி ஓடும்போது பிடிபட்டாலும் அப்படித்தான். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. பொதுவாகக் குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு என்று நாம் பள்ளியில் படித்திருப்போம். இங்கே தராசு மறுபக்கம் சாய்ந்திருக்கிறது. “சும்மா ஆட்டம் பார்க்கப் போனேன்”, “நண்பனைக் கூப்பிடப் போனேன்” என்பது உண்மையாகவே இருக்கலாம். அதை நீதிமன்றத்தில் நிறுவுவது வேறு வேலை.

அதனால் கட்டுவதும் கட்டாததும் ஒரு பக்கம் இருக்கட்டும். யார் வீட்டில், எந்தக் கடையின் பின்னறையில் போய் உட்கார்கிறோம் என்பதிலேயே கவனமாக இருங்கள். சுவரில் நாலைந்து திரைகள், மேசையில் இரண்டு மூன்று கைப்பேசிகள், ஒரு குறிப்பேடு, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் வந்து காசோ சீட்டோ கொடுத்துவிட்டுப் போகிற ஆட்கள். இப்படி ஓர் இடத்தைப் பார்த்தால் தேநீரை முடிக்கக்கூட நிற்க வேண்டாம்.

இன்னொரு வலை ரன்னர் வேலை. புக்கி நேராக வரமாட்டார். விடுதியில் நாலு பேருக்குத் தெரிந்த, நல்ல பேர் எடுத்த ஒருவரைப் பிடிப்பார். “நீ விளையாட வேண்டாம் தம்பி, இவர்களிடம் பணம் வாங்கி என்னிடம் கொடு, உனக்குக் கம்மிஷன்” என்பார். கம்மிஷன் வாங்கிய கணத்திலிருந்து நீங்கள் பணம் கட்டும் ஆள் என்ற வரிசையிலிருந்து புக்கியின் ஆள் என்ற வரிசைக்குப் போய்விடுகிறீர்கள். 20,000 ரிங்கிட்டில் தொடங்கும் அந்த அபராதம் அங்கேதான் காத்திருக்கிறது. வீட்டு வாடகை உங்கள் பெயரில் இருந்து, தெரிந்தே அந்த அறையை இதற்கு விட்டாலும் இதே சிக்கல்தான்.

உலகக் கிண்ணம், ஐரோப்பியக் கிண்ணம் போன்ற பெரிய போட்டிகள் நடக்கும் மாதங்களில் காவல் துறை ஓப் சோகா என்ற பெயரில் தனி நடவடிக்கையே எடுக்கும். கால்பந்துப் பந்தயத்துக்கு எதிராக இண்டர்போல் வைத்த பெயர் அது. காவல் துறைத் தலைமையகமான புக்கிட் அமானில் உள்ள டி7 என்ற பிரிவுதான் சூதாட்டத்தைக் கவனிப்பது. அந்த மாதங்களில் சோதனைகள் கூடும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெயித்த பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பந்தயமாகச் செய்துகொண்ட ஒப்பந்தம் செல்லாது என்று 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டமும் சொல்கின்றன. புக்கி காசு கொடுக்காமல் ஏமாற்றினால் நீங்கள் எந்த நீதிமன்றத்திலும் போய்க் கேட்க முடியாது. தோற்ற காசை வாங்க அவருக்கும் நீதிமன்றம் தேவைப்படுவதில்லை, அவரிடம் ஆள் இருக்கிறது.

படி 4: கைப்பேசியில் வரும் அழைப்புகளைத் திறக்காமலே நீக்குங்கள்

1953இல் இணையம் இல்லை, ஆகவே இணையப் பந்தயத்துக்குச் சட்டம் பொருந்தாது என்று ஒரு வாதத்தைக் கேட்பீர்கள். அந்தச் சட்டங்கள் பழையவை, திருத்தப்பட வேண்டும் என்பதை அரசே சொல்லி வருகிறது. ஆனால் அதே சட்டங்களைக் கொண்டுதான் அடுக்குமாடி வீடுகளிலிருந்து இணையப் பந்தயம் நடத்தியவர்கள் மீது வழக்குகள் போடப்பட்டு வருகின்றன. பந்தயத் தளங்களைத் தொடர்பு பல்லூடக ஆணையம் முடக்கவும் செய்கிறது. ஒரு தளத்தை மூடினால் வேறு முகவரியில் அது திரும்ப வரும். வந்துவிட்டதாலேயே அது சட்டபூர்வமாகிவிடாது.

வாட்ஸாப்பிலும் டெலிகிராமிலும் ‘இலவச கிரெடிட்’ என்று செய்தி வரும். தமிழிலேயே வரும், நடிகர் படம் போட்டு வரும். ‘வெளிநாட்டு உரிமம் பெற்ற நிறுவனம்’ என்று சான்றிதழும் காட்டுவார்கள். வெளிநாட்டு உரிமம் மலேசியாவில் செல்லாது. ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கத்தில் பேண்டசி கிரிக்கெட் செயலிகளைத் தேடுகிறவர்களும் உண்டு. இந்தியாவிலேயே 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்துவிட்டது. ஆகவே ‘ஊரில் சரி, இங்கேதான் தப்பு’ என்று சொல்லவும் இப்போது வழியில்லை.

படி 5: வங்கிக் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் யாருக்கும் கொடுக்காதீர்கள்

பந்தய வலையில் இருப்பவர்களுக்குப் பணம் நகர்த்தப் பிறர் பெயரில் கணக்குகள் வேண்டும். உங்கள் சம்பளக் கணக்கு அதற்கு வசதி. “ஒரு மாதம் அட்டையைக் கொடு, முந்நூறு வெள்ளி தருகிறேன்” என்பார்கள். இப்படி வாடகைக்குப் போகும் கணக்கை மலாயில் கெல்டாய் அக்காவுன், அதாவது கழுதைக் கணக்கு, என்கிறார்கள். 2024இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, கணக்கையும் அட்டையையும் இப்படி ஒப்படைப்பதைத் தனிக் குற்றமாகவே ஆக்கிவிட்டார்கள். கணக்கில் என்ன நடந்தது என்றே எனக்குத் தெரியாது என்ற பதில் எடுபடாது.

இதோடு கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்கும் சட்டமும் சேர்ந்தால் கணக்கு முடக்கப்படும். அந்த மாதச் சம்பளம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், ஊருக்கு அனுப்ப முடியாது. ஏற்கனவே அட்டையைக் கொடுத்திருந்தால் இன்றே வங்கிக்குப் போய் அட்டையை ரத்து செய்து, காவல் நிலையத்தில் புகார் பதிந்து அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கிலிருந்து மோசடியாகப் பணம் போய்க்கொண்டிருப்பதைக் கண்டால் 997 என்ற எண்ணை உடனே அழையுங்கள்.

படி 6: கடனுக்குப் பந்தயம் கட்ட ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள்

இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது இந்தப் பகுதிதான். சிறைக்குப் போனவர்களைவிடக் கடனில் மூழ்கியவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ரன்னர் முதலில் காசு கேட்கமாட்டார். “வாரக் கடைசியில் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்” என்பார். கையில் காசு எடுத்துக் கொடுக்கும்போது பத்து வெள்ளிக்கே யோசிக்கிற ஆள், வாயால் சொல்லும்போது இருநூறு வெள்ளியை யோசிக்காமல் சொல்லிவிடுகிறார். இங்கே இரவு பத்து மணிக்கு ஐபிஎல் ஆட்டம் தொடங்குகிறது. அது முடிந்தபின் ஐரோப்பியக் கால்பந்து. முதலில் விட்டதைப் பிடிக்க இரண்டாவது. விடியும்போது பார்த்தால் அரை மாதச் சம்பளம் போயிருக்கும். வாரக் கடைசியில் ரன்னர் வந்து நிற்பார். இல்லை என்றால் “எனக்குத் தெரிந்த ஒருவர் கடன் கொடுப்பார்” என்று சொல்வதும் பெரும்பாலும் அதே ரன்னர்தான்.

அந்த ஒருவர்தான் ஆ லோங். தமிழ்ப் பத்திரிகைகள் வட்டி முதலை என்று எழுதுவது இவர்களைத்தான். விளக்குக் கம்பங்களிலும் பேருந்து நிறுத்தங்களிலும் ஒட்டியிருக்கும் கடன் விளம்பரங்களில் பல இவர்களுடையவை. 1951ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டப்படி உரிமம் பெற்றவர் ஈட்டுக் கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடும், ஈடில்லாக் கடனுக்கு 18 விழுக்காடும்தான் வட்டி வாங்கலாம். ஆ லோங் கேட்பது வாரத்துக்கோ மாதத்துக்கோ அந்த அளவு. முதல் வட்டியைப் பிடித்துக்கொண்டுதான் பணமே தருவார்கள். தவணை தவறினால் வாசல் கதவில் சிவப்புச் சாயம், பூட்டின் மேல் சங்கிலி, வேலையிடத்துக்கு அழைப்பு, ஊரில் அம்மாவின் எண்ணுக்குக் குரல் செய்தி.

ஈடாக அவர்கள் கேட்பது கடப்பிதழும் ஏடிஎம் அட்டையும். அட்டை போனால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். கடப்பிதழைப் பொறுத்தவரை, 1966ஆம் ஆண்டின் கடப்பிதழ்ச் சட்டப்படி இன்னொருவருடைய கடப்பிதழை உரிமையின்றி வைத்திருப்பதே குற்றம். உரிமம் இல்லாமல் கடன் தொழில் செய்வதற்குத் தண்டனை இன்னும் கடுமை: 2,50,000 முதல் 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. அதாவது, மிரட்டுகிற ஆள் சட்டத்தின் முன் உங்களைவிடப் பெரிய குற்றவாளி. அவரைப் பற்றிப் புகார் கொடுக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. பந்தயம் கட்டினேன் என்று சொல்ல வேண்டிவருமே என்ற பயத்தில்தான் பலர் போவதில்லை. முதலில் ஒரு வழக்கறிஞரிடமோ சட்ட உதவி மையத்திடமோ பேசிவிட்டுப் புகார் எழுதுங்கள். பயத்தோடு தவணை கட்டிக்கொண்டே போவது மட்டும் வேண்டாம், அந்தக் கடன் தீர்வதேயில்லை.

படி 7: பிடிபட்டுவிட்டால்

ஓடாதீர்கள். அனுமானம் பற்றிச் சொன்னது நினைவிருக்கட்டும்.

எந்தக் காரணத்துக்காகக் கைது என்று கேட்கும் உரிமையும், வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமையும் அரசியலமைப்பின் 5ஆவது பிரிவில் இருக்கின்றன. வெளிநாட்டவருக்கும் இது உண்டு. உறவினரோ நண்பரோ ஒருவருக்கும், வழக்கறிஞருக்கும் தொலைபேசியில் சொல்ல அனுமதி கேளுங்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணைக்குக் கூடுதல் நாள் தேவைப்பட்டால், இந்த வகைக் குற்றங்களில் முதலில் 4 நாள் வரையிலும் பிறகு 3 நாள் வரையிலும் தடுத்துவைக்க மாஜிஸ்திரேட் ஆணையிடலாம். பெர்மிட் காலாவதியாகி, குடிநுழைவுச் சட்டத்தின் கீழ் பிடிபட்ட வெளிநாட்டவருக்கு 24 மணி நேரம் என்பது 14 நாளாகிறது. பெர்மிட்டைப் புதுப்பிக்காமல் திரிகிறவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள்.

“காப்பிக் காசு கொடுத்துத் தீர்த்துக்கொள்ளலாம்” என்று உடன் பிடிபட்டவர் யாராவது காதில் சொல்வார். கேட்காதீர்கள். 2009ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி லஞ்சம் கொடுக்க முன்வருவதே குற்றம். 20 ஆண்டு வரை சிறையும், லஞ்சத் தொகையின் ஐந்து மடங்கு அல்லது 10,000 ரிங்கிட், இவற்றில் எது அதிகமோ அந்த அபராதமும் உண்டு. 6 மாதத் தண்டனைக்குப் பயந்து 20 ஆண்டுத் தண்டனையைத் தேடிக்கொண்ட கதையாகிவிடும்.

புரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். மலேசிய நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். சீக்கிரம் முடிந்தால் போதும் என்று முதல் நாளே குற்றத்தை ஒப்புக்கொள்பவர்கள் நிறைய. அபராதம் கட்டிவிட்டு வெளியே வரலாம்தான். ஆனால் அந்தத் தீர்ப்பு குடிநுழைவுத் துறை உங்கள் பெர்மிட்டை ரத்து செய்யவும், மறுபடி வர முடியாமல் தடுக்கவும் காரணமாகலாம். ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்பதை வழக்கறிஞரிடம் பேசிய பிறகு முடிவு செய்யுங்கள். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களிலும், கோலாலம்பூரில் உள்ள உங்கள் நாட்டுத் தூதரகத்திலும் உதவி கேட்கலாம். உங்களைப் பிடித்த செய்தியைத் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி காவல் நிலையத்திலேயே கேட்கவும் உரிமை உண்டு.

ஷரியா தரப்பில் சமயத் துறை அதிகாரிகள் பிடித்திருந்தால் வழக்கு ஷரியா நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே வாதாட ஷரியா வழக்கறிஞர் தேவை. சிவில் நீதிமன்ற வழக்கறிஞரும் ஷரியா வழக்கறிஞரும் வேறு வேறு ஆட்கள் என்பதை ஊரிலிருந்து பேசும் உறவினர்களிடம் முன்கூட்டியே விளக்கிவிடுங்கள்.

படி 8: ஆட்டத்தை விட்டுவிடாதீர்கள்

மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் உணவகத்தில், பெரிய திரையில் ஆட்டம் பார்க்கலாம், விடிய விடியப் பேசலாம், கத்தலாம். ஒரு தே தாரேக்கோடு (ஆற்றிய பால் தேநீர்) நாலு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்பமாட்டார்கள். கிள்ளான், ஈப்போ, பினாங்கு என்று எங்கே இருந்தாலும் வார இறுதியில் திடலில் பந்து உதைக்கிற தமிழ்ப் பையன்கள் கூட்டம் ஒன்று இருக்கும், போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். யார் ஜெயிப்பார் என்று காகிதத்தில் எழுதிப் போட்டு, சரியாகச் சொன்னவருக்கு நண்பர்கள் பிரியாணி வாங்கிக் கொடுப்பது போன்ற விளையாட்டில்கூட, ஆளுக்கு இவ்வளவு என்று பணம் சேர்த்து ஒருவர் கையில் கொடுக்கும் பழக்கத்தைத் தொடங்காமல் இருப்பது நல்லது. பணம் சேர்க்கிறவர் அதில் தனக்குப் பங்கு எடுக்கத் தொடங்கினால் அவர் புக்கியாகிவிடுகிறார்.

உங்களில் யாராவது ஏற்கனவே உள்ளே போயிருந்தால், முதல் வேலையாக ரன்னரின் எண்ணைத் தடுத்துவிட்டு அந்தக் குழுக்களிலிருந்து வெளியேறுங்கள். சம்பளம் வந்த அன்றே வீட்டுக்கு அனுப்ப வேண்டியதை அனுப்பிவிடுங்கள். மிரட்டல் வந்தால் செய்திகளை அழிக்காமல் படம் எடுத்து வையுங்கள், ஆபத்து என்று பட்டால் 999 என்ற அவசர எண்ணை அழையுங்கள். இரவில் தூக்கம் வராமல், யாரிடமும் சொல்ல முடியாமல், விபரீத எண்ணம் வரும் அளவுக்குப் போயிருந்தால் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம். நீங்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை, கட்டணமும் கிடையாது. அப்புறம் வீட்டில் ஒருவரிடமாவது, அண்ணனோ அக்காவோ, தொகையைக் குறைக்காமல் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஆ லோங் அவர்களை அழைப்பதற்கு முன்னால் நீங்கள் அழைத்துவிடுங்கள்.